முப்பத்தொரு வருஷம் எறங்காத கூடை

எல்லாருக்கும் வணக்கம். எப்படி இருக்கீங்க, ஒடம்பெல்லாம் சௌக்கியமா? மூட்டுவலிக்காரங்க மொதல்ல காலை நீட்டி வசதியா உக்காந்துக்கோங்க, இது கொஞ்சம் நீளமான கதை. அடுப்புல ஏதாவது வச்சிருந்தா அணைச்சுட்டு வந்துடுங்க.

பல ஆயிரம் வருஷத்துக்கு முன்னால, மேக்கத்தி தேசத்துல ஷாகுர் ஊரை ஆண்ட லுகல்-எசென் ராஜா தன்னோட இருபத்தேழாவது வயசுல தலையில தூக்கி வச்ச மண்ணுக்கூடை, அவரோட அம்பத்தெட்டாவது வயசு வரைக்கும் கீழ எறங்கல. கூடை தூக்கின வருஷம் பார்லி நல்ல வெளைச்சல், வெங்காயம் சுமாரு, ஆத்துல கெண்டை மீனு கூடைகூடையா கெடைச்சுது. அதெல்லாம் களிமண் பலகையில எழுதி வச்சிருந்த கணக்கப்புள்ள, கூடை விஷயத்தையும் அதுக்குக் கீழயே எழுதி வச்சாரு. 'ராஜா கூடை தூக்கினார். இன்னும் எறக்கல.' அவ்வளவுதான் எழுதினாரு. மறு வருஷமும் அதையே எழுதினாரு.

கூடை ஏன் தலைக்குப் போச்சுன்னு மொதல்ல சொல்லிடறேன். ஷாகுருக்குக் கெழக்கால ஆறு. வடக்க மலையில பனி உருகினா, இங்க பார்லி பழுக்கற நேரத்துல வெள்ளம் வந்துடும். ஊர்ல அப்ப பன்னெண்டு தெரு. ஆத்தங்கரையில நின்-இடா சாமிக்கு ஒரு பழைய கோயில், ராஜாவோட தாத்தா கட்டினது, சுவரெல்லாம் உப்பு பூத்துப் போயி இத்துக் கெடந்துச்சு. லுகல்-எசென் பட்டத்துக்கு வந்ததும் ஒரே முடிவா சொல்லிட்டாரு. பழசை இடிக்கறோம், ஆத்துக்கும் ஊருக்கும் நடுவுல பனைமர ஒசரத்துக்குக் கரை எடுக்கறோம், கரை மேலயே புதுக்கோயில். கரை வந்துட்டா வெள்ளம் ஊருக்குள்ள வராது. கரை வரலேன்னா, மூணு வருஷத்துக்கு ஒரு தெருன்னு ஆறு தின்னுட்டே வரும்னு ஆத்தோட போக்கு தெரிஞ்ச பெரியவங்க கணக்குச் சொன்னாங்க. அவங்க சொன்னது கொஞ்சமும் பிசகல, அதுதான் கஷ்டம்.

அந்தக் காலத்துல எந்தக் கட்டடமா இருந்தாலும், மொதச் செங்கல்லை ராஜாவே தன் கையால அறுக்கணும். மொதக் கூடை மண்ணை ராஜாவே தலையில சுமந்து வரணும். அந்த மண்ணைக் கூடையில அள்ளிப் போடறவங்க கண்ணை மூடிக்கிட்டுத்தான் போடணும், ஏன்னா மொதக் கூடை சாமியோடது, அதைக் கண்ணால அளக்கக் கூடாது. அதுக்கும் முன்னால இன்னொண்ணு உண்டு. இடிக்கிற கோயில்லேருந்து தாத்தா ராஜா வச்ச மொதச் செங்கல்லை எடுத்து, நாணல் பாயி மேல உக்கார வச்சு, நெய்யும் பேரீச்சம்பாகும் ஊத்தி, அதுக்கு ஒப்பாரி பாடணும். வீடு போச்சேன்னு சாமி கோவிச்சுக்காம இருக்கறதுக்கு. ஒப்பாரி முடியற வரைக்கும் அந்தக் கல்லு வெறும் தரையில படவே கூடாது.

அந்தக் கல்லைப் பாத்துக்கற பொறுப்பு அமகீனாவோடது. செங்கல் அறுக்கிற அச்சு பரம்பரையா அவ புருஷன் வீட்டுலதான் இருந்துச்சு. புருஷன் காய்ச்சல்ல போனப்புறம் அச்சும் அவ கைக்கு வந்துச்சு, அதோட சேந்த வேலையும் வந்துச்சு. வயசு இருபத்திரண்டு, கையில ஒரு பொம்பளைப் புள்ள, வாயில எப்பவும் ஒரு பதில். விழா அன்னிக்குக் காலையில பாயை விரிச்சுக் கல்லை வச்சுட்டு நிமிந்தா, கோயில் ஆடு ஒண்ணு கயித்தை அறுத்துட்டு வந்து பாயைத் திங்க ஆரம்பிச்சிருச்சு. பாயில பாதி போயிடுச்சு. கல்லு சரிஞ்சு தரையில படப் பாத்துச்சு. இவ சட்டுன்னு கல்லைத் தூக்கி, தரையில வைக்கக் கூடாதேன்னு சுத்தமான எடமா ஒண்ணு பாத்து, ஒரே ஒரு நிமிஷம்னு அங்க வச்சுட்டு, ஆட்டைத் தொரத்திட்டுப் போனா. பேரீச்சந்தோப்பு வரைக்கும் ஓடிட்டுத் திரும்பி வந்தா, கல்லை எங்க வச்சோம்னு ஞாபகம் இல்ல. சுத்தமான எடம்கறது மட்டும்தான் மனசுல நின்னுச்சு. எந்த எடம்கறது நழுவிப் போச்சு.

இடிச்ச கல்லு அங்கங்க குவியலாக் கெடக்கு. எல்லாமே ஒரே மாதிரி, அடி தட்டையா மேல உப்பலா, நடுவுல கட்டைவிரல் வச்சு அழுத்தின பள்ளம். ஒப்பாரி பாடற லூபாலக் மேளத்தோட வந்து நின்னுட்டாரு. அமகீனா குவியல்லேருந்து ஒரு கல்லை எடுத்து மிச்சமிருந்த பாயி மேல வச்சுட்டுக் கையைக் கட்டிக்கிட்டு நின்னா. லூபாலக் வேற ஏதோ ஒரு கல்லுக்கு, கண்ணுல தண்ணி வர அழுது பாடிட்டுப் போனாரு.

ராஜா சும்மாடு வச்சு, அதுக்கு மேல கூடையைத் தூக்கி வச்சாரு. இடுப்புல ஒரு கம்பளித் துணிதான், வேற உடுப்பு இல்ல. ஊரே ரெண்டு பக்கமும் நின்னுச்சு. நிமிர்ந்து நடந்து அச்சு கிட்ட வந்து குனிஞ்சாரு. அவருதான் குனிஞ்சாரே ஒழிய கூடை சரியல. ரெண்டு கையாலயும் பிடிச்சுத் தள்ளிப் பாத்தாரு. நாலு ஆளு வந்து இழுத்தாங்க. எட்டு ஆளு வந்தாங்க. கயிறு கட்டிக் கழுதையை விட்டு இழுத்ததுல கழுதைதான் ஒக்காந்துச்சு. சாயங்காலம் வரைக்கும் பாத்துட்டு, ராஜா கூடையோடயே அரமனைக்குப் போயி, கூடையோடயே வாத்துக் கொழம்பு சாப்பிட்டு, செவுத்துல சாஞ்சு ஒக்காந்தபடிக்கே தூங்கினாரு. அன்னிலேருந்து ஒக்காந்துதான் தூக்கம்.

மூணாவது நாள் அமகீனா அரமனைக்குப் போனா. புள்ளையை அம்மா வீட்டுல விட்டுட்டுத்தான் போனா, திரும்பி வருவோமான்னு அவளுக்கே நிச்சயம் இல்ல. ராஜா முன்னால நின்னு, ஆட்டுலேருந்து ஆரம்பிச்சு ஒண்ணு விடாம சொல்லிட்டா. சுத்தி நின்ன பெரியவங்க மொகமெல்லாம் இருண்டு போச்சு. கூடை தலையில இருக்கறதால ராஜாவால தலையை ஆட்ட முடியாது, கண்ணை மட்டும் உருட்டி அவளைப் பாத்தாரு.

"ஆடு பிடிபட்டுச்சா?"ன்னு கேட்டாரு.

"பிடிச்சுட்டேன் ராஜா."

"அது ஒண்ணாவது ஒழுங்கா நடந்துச்சே. சரி, கேட்டுக்கம்மா. தொலைச்சது நீ, தூக்கிட்டு நிக்கிறது நான். ரெண்டு பேரும் சேந்துதான் தேடணும். கல்லு கெடைக்காம நீ சாகக் கூடாது, கூடை எறங்காம நானும் சாக மாட்டேன். சம்மதமா?"

"நீங்க சொன்னா நீங்க சாக மாட்டீங்க ராஜா. எனக்கு அந்த அதிகாரம் இல்லையே."

"குடுத்துட்டேன், போ"ன்னாரு ராஜா. கணக்கப்புள்ள அதையும் எழுதிக்கிட்டாரு.

மொத ரெண்டு வருஷம் ஊரு குறுக்கு வழியெல்லாம் பாத்துச்சு. மொதச் செங்கல் இல்லாமலே கல்லு அறுத்துக் கரை எடுத்தாங்க. கல்லு நல்லாத்தான் காஞ்சுது, தட்டினா கிண்ணுன்னு கேட்டுச்சு. கரையில வச்சு நாணல் பாயி போட்டு, தாரு மாதிரி கீல் பூசிட்டுப் போவாங்க. மறுநாள் வந்து பாத்தா அத்தனையும் கரையை விட்டு எறங்கி, மண்ணு வெட்டின குழியிலயே பழையபடி சேறாப் போயி இருக்கும். மிதிச்ச கால்தடம் கூட அப்படியே இருக்கும். அப்புறம் பெரியவங்க, ராஜாவோட ஒண்ணுவிட்ட தம்பியை வேற கூடை தூக்கச் சொன்னாங்க. அந்தப் புள்ளையும் ஆசையாத்தான் வந்துச்சு. எத்தனை மண்ணு போட்டாலும் அந்தக் கூடை காலியாவே இருந்துச்சு. மத்தியானம் வரைக்கும் போட்டுட்டு, போட்ட மண்ணு எங்க போச்சுன்னு யாரும் கேக்காம வீட்டுக்குப் போயிட்டாங்க. மூணாவது வருஷம் வெள்ளம் வந்து ஆத்தங்கரைத் தெருவை அப்படியே வாரிட்டுப் போச்சு. ஆளு தப்பிச்சுது, கோயில்லேருந்து வீட்டுக்குப் பங்கு வந்த கல்லும் தப்பிச்சுது. அடுப்பு, உரலு, கதவு எல்லாம் போச்சு.

அதுக்கப்புறம்தான் ராஜா வீடு வீடாத் தேடறதுன்னு முடிவெடுத்தாரு. கோயில் இடிச்ச கல்லை ஊருக்குப் பங்கு வைக்கிறது வழக்கம், அது சாமி கல்லு, வீட்டுல இருந்தா நல்லதுன்னு. அடுப்புத் திண்டுல ரெண்டு, வாசப்படியில நாலு, புள்ளை பெக்கறவ காலு வைக்க ஒண்ணுன்னு ஊரு முழுக்க பதிஞ்சு போச்சு. தொலைஞ்ச கல்லு எதுன்னு யாருக்குத் தெரியும்? பெரியவங்க சொன்னாங்க, வீடுகளை இடிச்சு அத்தனை கல்லையும் ஒரு எடத்துல கொட்டிடலாம்னு. ராஜா ஒத்துக்கல. வெள்ளம் இடிக்கிறது பத்தாதா, நானும் இடிக்கணுமான்னு கேட்டாரு. கல்லு இருக்கற எடத்துலயே இருக்கட்டும், நாம அதுகிட்டப் போவோம், ஒவ்வொண்ணுக்கும் நெய்யி ஊத்தி ஒப்பாரி பாடுவோம், நம்ம கல்லு வர்றப்ப கூடை தானா எறங்கும்னாரு. மொத்தம் நாப்பதாயிரம் கல்லு. லூபாலக் கணக்குக் கேட்டுட்டுத் திண்டுல ஒக்காந்துட்டாரு.

"ராஜா, ஒரு நாளைக்கு நாலு கல்லுக்கு மேல என்னால அழ முடியாது. அஞ்சாவதுக்குக் கண்ணுல தண்ணி வராது, பொய்யாப் போயிடும்."

"நாலே அழுங்க. நல்லா அழுங்க, போதும்"னாரு ராஜா.

அப்படித்தான் ஆரம்பிச்சுது. விடிஞ்சதும் ராஜா கூடையோட முன்னால நடப்பாரு, பின்னால அமகீனா கக்கத்துல அச்சும் கையில நெய்ச்சட்டியும் பாகுக் கிண்ணமுமா, அதுக்குப் பின்னால லூபாலக் மேளத்தோட. ராஜா தெருவுல நொழைஞ்சா மாடியில துணி காயப்போடற பொம்பளைங்க எல்லாம் கீழ எறங்கிடுவாங்க, பேரீச்சை மரத்துல ஏறினவன் சறுக்கிட்டு வந்துடுவான். ராஜா தலைக்கு மேல யார் தலையும் போகக் கூடாதுங்கறது ஷாகுருல பழைய சட்டம். மீறினா ஆத்துல தள்ளிடுவாங்க. ஒசரமான ஆளுங்க அவரைக் கண்டா மொழங்காலை மடிச்சு நடந்தாங்க. பத்து வருஷத்துல அந்த ஊர்ல ஒசரமா யாருமே இல்லேன்னு வெளியூர் வியாபாரிங்க நெனச்சாங்க.

கள்ளுக்கடை நின்பாராதான் ஊர்ல ராஜாகிட்டப் பயப்படாமப் பேசற ஒரே ஆளு. பார்லிக் கள்ளு ஜாடியில நீளமா நாணல் குழாயைப் போட்டு ராஜா வாய்க்கு எட்டற மாதிரி பிடிப்பா, அவரு குனிய வேண்டாம்னு. "எல்லா ராஜாவுக்கும் தலைக்கனம் உண்டு. நம்ம ராஜாவுக்குத்தான் அது வெளிய தெரியுது"ன்னு சொல்லிட்டுச் சிரிப்பா. ராஜாவும் குழாயை விடாமலே சிரிப்பாரு. அவ கடையில மட்டும் முன்னூத்திப் பதினொரு கல்லு. ஜாடிக்கு முட்டுக் குடுத்த கல்லுக்கு லூபாலக் ஒப்பாரி பாடினா, கள்ளு குடிக்க வந்தவங்களும் சேந்து அழுவாங்க. வியாபாரம் நல்லா நடந்துச்சுன்னு அவளே சொல்லியிருக்கா.

வருஷங்க போச்சு. கூடைக்குள்ள இருந்த மண்ணு காயவே இல்ல. மழை பேஞ்சா தண்ணி உள்ள போகும், வெளிய வராது. அஞ்சாவது வருஷம் கூடையில பார்லி மொளைச்சுது. கதிர் முத்தினதும் ராஜா வயலோரம் நின்னு ஒடம்பை லேசா குலுக்குவாரு, ஒரு கைப்பிடி விதை உதிரும். அந்த விதை போட்ட வயல்ல உப்பு ஏறல. பன்னெண்டாவது வருஷம் ஒரு சிட்டுக்குருவி ஜோடி கூடு கட்டுச்சு. அப்புறமா ராஜாவைக் கட்டிக்கிட்டு வந்த ராணி அதைப் பாத்துட்டு, புருஷன் பக்கத்துல நிக்கறப்ப மட்டும் கொஞ்சம் தள்ளி நின்னா. அழுது முடிச்ச கல்லுங்க எல்லாம் எளகிப் போச்சு. கோடையில அந்தச் செவுருங்க வேர்த்து வீட்டைக் குளுகுளுன்னு வச்சுது, புள்ளைங்க செவுத்துல கன்னத்தை வச்சுத் தூங்குங்க. ஒரே தொல்லை எறும்புதான், பாகு ஊத்தினதுக்கு.

ஆனா கூடை எறங்கல. ஆறும் சும்மா இருக்கல. மூணு வருஷத்துக்கு ஒரு தெரு. ஒவ்வொரு தெரு போறதுக்கு முன்னாலயும் சனங்க கல்லை மட்டும் முதுகுல கட்டிக்கிட்டு அடுத்த தெருவுக்கு ஓடுவாங்க, ஏன்னா ஒப்பாரி பாடாத கல்லு போயிடுச்சுன்னா கூடை எறங்கறதுக்கு வழியே இல்லாமப் போயிடும். அமகீனா வீடு ஆறாவது தெருவுல இருந்துச்சு. பதினெட்டாவது வருஷ வெள்ளத்துல அந்த வீடும் போச்சு. அச்சைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு, மகளையும் பேரப்புள்ளையையும் முன்னால தள்ளிக்கிட்டு, முதுகுல பதினாலு கல்லோட எட்டாவது தெருவுக்கு ஏறினா. மறுநாள் காலையில பாத்தா நெய்ச்சட்டியோட அரமனை வாசல்ல நிக்கிறா.

"இன்னிக்கு வேண்டாம்மா. வீடு போயிருக்கு உனக்கு"ன்னாரு ராஜா.

"வீடு போனதுக்கு நான் அழறதுன்னா ஒரு கல்லு பாக்கி நின்னுடும். நடங்க."

ஊர்ல எல்லாரும் அமகீனாவை மன்னிச்சுடலங்க, அதையும் சொல்லணும்ல. வெள்ளத்துல ஆடு மாடு போனவங்க வீட்டுக்கு அவ நெய்ச்சட்டியோட போனா, கதவைத் தொறந்து விட்டுட்டு மூஞ்சியைத் திருப்பிக்குவாங்க. "ஒரு நிமிஷக்காரி வர்றா"ன்னு அவ காதுல விழற மாதிரியே சொல்லுவாங்க. அந்தப் பட்டப்பேரு அவளுக்கு நிலைச்சுப் போச்சு. வாயில எப்பவும் பதில் வச்சிருந்தவ அதுக்கு மட்டும் சொல்லல. குனிஞ்சு நெய்யை ஊத்திட்டு அடுத்த கல்லுக்குப் போயிடுவா. ஒவ்வொரு வீட்டுலயும், இங்க சுத்தமான எடம் எதுன்னு மட்டும் கண்ணால தேடுவா.

முப்பத்தொண்ணாவது வருஷம், வெள்ளம் வடிஞ்சு ஒரு மாசத்துல, கடைசிக் கல்லு வந்துச்சு. பன்னெண்டு தெருவுல பத்து போயி ரெண்டுதான் மிச்சம். கடைசிக் கல்லு பன்னெண்டாவது தெருவுல ஒரு கொயவன் வீட்டுச் சூளை வாசல்ல இருந்துச்சு. ஊரு மொத்தமும் அங்க கூடிடுச்சு. லூபாலக்குக்கு எம்பது வயசு தாண்டிடுச்சு, தொண்டையில காத்துதான் வருது, ஆனா கண்ணுல தண்ணி வந்துச்சு. பாடி முடிச்சாரு. எல்லாரும் கூடையைப் பாத்தாங்க. குருவி எட்டிப் பாத்துட்டு உள்ள போயிடுச்சு. வேற ஒண்ணும் நடக்கல.

அப்புறம் பெரியவங்கள்ல ஒருத்தரு, ஊரைக் காலி பண்ணிட்டுத் தெக்கால போயிடலாம், அடுத்த வெள்ளத்துக்குக் காத்திருக்க வேண்டாம்னு சொன்னாரு. சிலபேரு அங்கயே தலையாட்டினாங்க. ராஜா கொயவன் வீட்டுச் செவுத்தோரம் சாஞ்சு நின்னாரு. தாடி நரைச்சுடுச்சு, கழுத்து மரத்தண்டு மாதிரி தடிச்சுக் கெடந்துச்சு.

"நாப்பதாயிரமும் ஆச்சாம்மா?"ன்னு அமகீனாவைக் கேட்டாரு.

"ஆச்சு ராஜா."

"ஊர்ல பாக்காத எடம் ஒண்ணும் பாக்கி இல்லையா?"

அமகீனா நெய்ச்சட்டியைக் கீழ வச்சா. முப்பத்தொரு வருஷமா அவரைப் பின்னாலேருந்தும் பக்கவாட்டுலேருந்தும் கீழயிருந்தும்தான் பாத்திருக்கா. கூடையோட அடி தெரியும், பின்னல் தெரியும், ஓரம் எங்க பிஞ்சிருக்குன்னு தெரியும். புதுக் கூடை அது, அன்னிக்குக் காலையில நெய்யி தடவி, ஈரத்துணியால தொடச்சு வச்சிருந்தது. அந்தக் கோயில் முற்றத்துலயே அதைவிட சுத்தமான எடம் வேற எது இருந்திருக்கும்?

அவ யாரையும் கேக்கல. கொயவன் வீட்டு ஏணி செவுத்துல சாத்தியிருந்துச்சு. கட்டியிருந்த துணியை இடுப்புல செருகிக்கிட்டு ஏற ஆரம்பிச்சா. நாலாவது படியில கூட்டம் புரிஞ்சுக்கிட்டு மூச்சைப் பிடிச்சுது. ஆறாவது படியில காவக்காரன் ஈட்டியைத் தூக்கினான். ராஜா கையை மட்டும் லேசா அசைச்சாரு, அவன் நின்னுட்டான். ஏழாவது படியில அவ தலை ராஜா தலைக்கு மேல போயிடுச்சு. ஷாகுரு உண்டான நாள்லேருந்து அதுவரைக்கும் நடக்காத காரியம். வானம் ஒண்ணும் இடிஞ்சு விழல. கொயவன் வீட்டுக் கழுதை மட்டும் ஒரு தரம் கத்துச்சு.

"என்னம்மா தெரியுது?"ன்னு கேட்டாரு ராஜா.

அவ பார்லித் தாளை ஒதுக்கி, குருவிக்கூட்டை அலுங்காம ஒரு ஓரமா நவுத்தி, ஈர மண்ணுக்குள்ள மொழங்கை வரைக்கும் கையை விட்டா. விட்டவ அப்படியே நின்னா. அவ கட்டைவிரலு ஒரு பள்ளத்துல போயிப் பொருந்தியிருந்துச்சு.

"கல்லு தெரியுது ராஜா"ன்னா. "நான்தான் வச்சிருக்கேன். ஒரு நிமிஷம்னு வச்சிருக்கேன்."

அன்னிக்கு மண்ணு அள்ளிப் போட்டவங்க கண்ணை மூடியிருந்தாங்க, ராஜா தூக்கினப்ப கூடை அவரு தலைக்கு மேல இருந்துச்சு, அதுக்கப்புறம் அதுக்கு மேல எந்தத் தலையும் போகக் கூடாது. ஊரு முழுக்க நாப்பதாயிரம் கல்லைத் தேடின சனங்க, நெதமும் கண்ணு முன்னால போயிட்டு வந்த கூடையை ஒரு தரம் எட்டிப் பாக்கல. இதுல யாரு யாரைச் சொல்றது? நின்பாரா மட்டும்தான் சொன்னா, "நான் ஒரு தரம் மாடியிலேருந்து எட்டிப் பாக்கலாம்னுதான் இருந்தேன், கள்ளு பொங்கிடுச்சுன்னு கீழ வந்துட்டேன்"னு. அதை யாரும் நம்பல.

அமகீனா கல்லை ரெண்டு கையிலயும் ஏந்திக்கிட்டு எறங்கினா. லூபாலக் வாயைத் தொறந்தாரு, சத்தம் வரல. அப்ப நின்பாரா ஆரம்பிச்சா. அப்புறம் கொயவன். அப்புறம் எல்லாரும். முப்பத்தொரு வருஷம் நாளைக்கு நாலு தரம் கேட்ட பாட்டு, ஊர்ல தெரியாத ஆளே இல்ல. மூஞ்சியைத் திருப்பினவங்களும் பாடினாங்க. பாடி முடிச்ச எடத்துல ராஜா குனிஞ்சாரு. கூடையும் கூடவே குனிஞ்சு, சட்டுன்னு அவரு கைக்கு வந்துச்சு. அமகீனா முப்பத்தொரு வருஷமா தூக்கிட்டுத் திரிஞ்ச அச்சைத் தரையில வச்சா. ராஜா மண்ணைப் போட்டு, அமுக்கி, வழிச்சு, கட்டைவிரலை வச்சாரு. மொதச் செங்கல்.

அவரு நிமிர்ந்தப்பதான் இன்னொண்ணு தெரிஞ்சுது. காலு தரையில இல்ல. ஒரு சாண் ஒசரத்துல நிக்கிறாரு. அத்தனை வருஷம் கூடை அமுக்கினதுக்கு ஒடம்பு எதுத்து நின்னு பழகிடுச்சு, இப்ப அமுக்க ஒண்ணும் இல்ல. காத்தடிச்சா லேசா நகந்தாரு. ராணி ஓடி வந்து அவரு காலைப் பிடிச்சுக்கிட்டா. ராஜா கொஞ்ச நேரம் அப்படியே நின்னு ஊரைப் பாத்தாரு, ஆத்தைப் பாத்தாரு. அப்புறம் கூடையைக் காட்டி, மண்ணு போட்டுத் தாங்கன்னாரு.

அமகீனாவுக்குக் கோவம் வந்துடுச்சு. "இதை எறக்கத்தான முப்பத்தொரு வருஷம் நாயா அலைஞ்சோம்?"

"எறக்க முடியும்னு தெரியணும்ல. அதுவரைக்கும் அது என்னைத் தூக்க வச்சுது. இனிமே நானா தூக்குறேன்"னாரு. மண்ணு போட்டதும் காலு தரையில வந்து நின்னுச்சு.

அடுத்த வெள்ளத்துக்குப் பத்து மாசம் இருந்துச்சு. மிச்சமிருந்த ரெண்டு தெருவுல கைகால் உள்ள அத்தனை பேரும் மண்ணு மிதிச்சாங்க, கல்லு அறுத்தாங்க, நாணல் பாயி பின்னினாங்க. ராஜா விடிஞ்சதுலேருந்து பொழுது சாயற வரைக்கும் கூடை சுமந்தாரு, ஒவ்வொரு கூடையையும் எறக்கினாரு, எறக்கினதும் ஒரு சாண் எழும்புவாரு, அடுத்தது ஏத்தினதும் எறங்குவாரு. தூரத்துலேருந்து பாத்தா யாரோ தறி மிதிக்கிற மாதிரி இருந்துச்சாம். கல்லு எதுவும் குழிக்குத் திரும்பிப் போகல. நடுவுல பெரியவங்க அமகீனா மேல சட்டத்தைக் கொண்டு வந்தாங்க, தலைக்கு மேல தலை போனதுக்கு ஆத்துல தள்ளணுமேன்னு. ராஜா ஒத்துக்கிட்டாரு. சட்டம்னா சட்டம்தான், கரை முடியட்டும், கரை மேலேருந்தே தள்ளலாம்னாரு. கரை முடிஞ்சப்ப ஆறு அந்தாண்ட தள்ளிப் போயிருந்துச்சு. அங்கேருந்து தள்ளினா நாணல்லதான் விழுவா, அதனால விட்டுட்டாங்க. அந்த வெள்ளம் கரையைத் தொட்டுட்டுத் திரும்பிப் போச்சு. கணக்கப்புள்ளயோட மகன், அப்பா எடத்துல இருந்தவன், பலகையில எழுதினான், 'ராஜா கூடை எறக்கினார். தெரு ரெண்டு.' அதுக்கப்புறம் எந்த வருஷமும் தெரு கொறையல, கூடிக்கிட்டுதான் போச்சு.

ராஜா அதுக்கப்புறம் ஏழு வருஷம் இருந்தாரு. படுத்துத் தூங்கச் சொன்னாங்க, முடியல, நெஞ்சு மேல ஒரு கூடை மண்ணை வச்சுக்கிட்டாதான் பாயில ஒடம்பு தங்குச்சு. சாகறதுக்கு முன்னால அமகீனாவைக் கூப்பிட்டு, சொன்ன சொல்லு தீந்துடுச்சு, இனிமே நீ எப்ப வேணும்னாலும் சாகலாம்னாரு. உங்க புண்ணியம்னா அவ. படுக்க வைக்க வேண்டாம், கரைக்குள்ள நிக்க வச்சுக் கூடையை ஏத்திடுங்கன்னு கேட்டுக்கிட்டாரு. அப்படியே பண்ணாங்க. நடுக்கரையில குழி எடுத்து, சும்மாடு வச்சு, நாணல் கூடையில ஆத்து மண்ணு நெறைய அள்ளி ஏத்தினாங்க. இந்தத் தடவை கண்ணைத் தொறந்துக்கிட்டுத்தான் அள்ளினாங்க, எல்லாரும் ஒரு தரம் உள்ள எட்டியும் பாத்தாங்க. குருவிக்கூட்டை, கரை மேல கட்டின புதுக் கோயில் கூரை விளிம்புல வச்சாங்க. அமகீனா அதுக்கு மேலயும் அறுபது வருஷம் இருந்தா. குடுத்த அதிகாரத்தைத் திருப்பி வாங்க ராஜா மறந்துட்டாருன்னு ஊர்ல பேச்சு.

அதுக்கப்புறம் எத்தனையோ ராஜா வந்தாங்க, போனாங்க. பாஷை மாறுச்சு, சாமி மாறுச்சு, ஆறே எடம் மாறிப் போயி இப்ப சுத்திலும் சதுப்பு, நாணல், எருமை. ஷாகுரு மண்ணு மேடாயிடுச்சு. கரை மட்டும் நிக்கிது. தண்ணி ஏறற வருஷம் கரையும் ஏறும். தண்ணி ஒரு சாண் ஏறினா அதுவும் ஒரு சாண், நாலு விரல்னா நாலு விரல். பழைய ஊரைத் தோண்டி ஆராய வந்தவங்கள்ல ஒருத்தரு மூணு வருஷம் தொடந்து அளந்துட்டு, மூணு தரமும் வேற வேற கணக்கு வந்ததுக்கு டேப்பு சரியில்லைன்னு மாத்திட்டுப் போனாரு. போன வசந்தத்துல கூட தண்ணி வந்துச்சு. எருமை கட்டிட்டு இருந்த பொம்பளைங்க, கரை காலுக்குக் கீழ மெதுவா எழும்பறதைப் பாத்துட்டு, "ராஜா நிமிர்றாரு, கயித்தை நீளமா விடுங்கடி"ன்னு சொல்லிட்டு, டீ ஆறிடப் போகுதுன்னு குடிக்கப் போயிட்டாங்க.

சரிங்க, கதை முடிஞ்சுது. நீங்க யாராவது ஒரே ஒரு நிமிஷம்னு ஒண்ணை எங்கயாவது வச்சுட்டு, வருஷக்கணக்காத் தேடி, கடைசியில கண்ணு முன்னாலயே கண்டுபிடிச்சிருக்கீங்களா? என்ன பொருளு, எங்க இருந்துச்சு, அதுவரைக்கும் யாரு சுமந்தாங்க, எல்லாத்தையும் கீழ எழுதுங்க. இன்னும் கெடைக்கலேன்னாலும் எழுதுங்க. ஒடம்பைப் பாத்துக்கோங்க.